புது கம்ப்யூட்டர் வாங்கணுமா... ரேம் மட்டும் மாத்தினா போதுமா?

காலை எட்டரை மணிக்கு அப்பா கடையைத் திறப்பார். முதல் வேலை, கம்ப்யூட்டரை ஆன் செய்வது. இரண்டாவது வேலை, அதை ஆன் செய்ததையே மறந்துவிடுவது. வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றி, எதிர்க்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் திரையில் ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும். "பிள்ளை இப்பதான் முழிக்குது" என்பார் அப்பா.

கோவில்பட்டியில் அப்பா நடத்துவது ஒரு சின்ன டி.டி.பி. சென்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடைத் திறப்பு நோட்டீஸ், கலெக்டர் ஆபீஸுக்கு மனு என்று எல்லாம் அங்கேதான் டைப் ஆகும். நடுநடுவே பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்க, ஆன்லைனில் விண்ணப்பம் போட என்று பிள்ளைகள் வருவார்கள். இத்தனைக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். 2013-ல் அசெம்பிள் செய்து வாங்கியது. இன்டெல் ஐ3 பிராசஸர், 2 ஜி.பி. ரேம். அன்றைக்கு எங்கள் தெருவிலேயே அதுதான் வேகமான கம்ப்யூட்டர் என்று அப்பா சொல்லிக்கொள்வார்.

போன முகூர்த்த சீசனில் ஒருநாள் இரவு அம்மாவிடமிருந்து போன். "பாப்பா, உங்கப்பா என் வளையலைக் கேட்குறாரு. அடகு வெச்சு புது கம்ப்யூட்டர் வாங்கணுமாம்."

நடந்தது இதுதான். மகள் கல்யாணப் பத்திரிகைக்காக ஒருவர் வந்திருக்கிறார். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று அறுபது பேரின் பெயர்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் அடுத்து என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அப்பா இரண்டு மணி நேரம் பேஜ்மேக்கரில் டைப் செய்திருக்கிறார். நடுவில் ஒரு மாணவி அவசரமாக ஹால் டிக்கெட் கேட்டு வர, குரோமைத் திறந்திருக்கிறார். அவ்வளவுதான், எல்லாம் உறைந்துபோய்விட்டது. மவுஸை அசைத்தால் அம்புக்குறி அரை நிமிடம் கழித்து நகர்கிறது. சேவ் செய்யலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. அந்த நேரம் பார்த்து கரன்ட் போய்விட்டது. யூ.பி.எஸ். பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது.

அறுபது பெயரும் போச்சு. வந்தவர் கோபப்படவில்லை. "பரவாயில்லண்ணே, நேரமாச்சு" என்று எழுந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் இன்னொரு கடைக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட அப்பா மறந்திருப்பார்.

மறுநாள் வந்து பார்த்த சர்வீஸ்காரர், "இது இனி தேறாது சார். 35 ஆயிரம் ஆகும், புதுசாவே போட்டுடலாம்" என்றிருக்கிறார். அதன் பிறகுதான் வளையல் பேச்சு.

முதலில் நோய் எது என்று பாருங்கள்

வாரா வாரம் உங்களுக்கு மொபைல் டிப்ஸும் கம்ப்யூட்டர் டிப்ஸும் எழுதும் எனக்கு, சொந்தக் கடைக் கம்ப்யூட்டரை ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியோடு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர்னு ஒண்ணு வரும். அதுல பெர்ஃபாமன்ஸ்னு இருக்கும் பாருங்க. வழக்கமா வேலை செய்யற மாதிரி பேஜ்மேக்கரையும் குரோமையும் திறந்து வெச்சுட்டு, சி.பி.யூ., மெமரி, டிஸ்க் மூணுலயும் எத்தனை சதவிகிதம்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. சி.பி.யூ. 30. மெமரி 94. டிஸ்க் 100.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் முதலில் இந்த மூன்று எண்களைத்தான் பார்க்க வேண்டும். மெமரி நிரம்பி வழிந்து, கூடவே டிஸ்க்கும் நூறில் நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். மெமரியில் பாதி காலியாக இருக்க, டிஸ்க் மட்டும் நூறைத் தொட்டால் ரேம் போட்டுப் பலனில்லை. அங்கே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதுதான் வைத்தியம். சி.பி.யூ. மட்டும் எந்நேரமும் நூறில் நின்றால் முதலில் வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பிராசஸருக்கே வயதாகிவிட்டது.

அப்பாவின் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது முதல் வகை நோய்.

ரேம் என்பது ஜவுளிக்கடைப் பாய்

"ரேம்னா என்ன பாப்பா? ஹார்ட் டிஸ்க்லதான் 500 ஜி.பி. இருக்கே, அது பத்தாதா?" என்று கேட்டார் அப்பா. நிறைய பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

பழைய ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரி நிறைய சேலைகள். கடைக்காரர் முன்னால் ஒரு பாய். நீங்கள் கேட்கக் கேட்க, அலமாரியிலிருந்து எடுத்துப் பாயில் விரித்துப் போடுவார். அலமாரிதான் ஹார்ட் டிஸ்க், பாய்தான் ரேம். அலமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பாய் சின்னதாக இருந்தால் நான்கு சேலைக்கு மேல் விரிக்க முடியாது. ஐந்தாவதைக் காட்ட வேண்டுமானால், விரித்த ஒன்றை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். நீங்கள் மறுபடி அதையே கேட்டால், திரும்ப எடுத்து விரிக்க வேண்டும்.

ரேம் நிரம்பியதும் விண்டோஸும் இதைத்தான் செய்கிறது. ரேமில் இருப்பதில் கொஞ்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால்தான் மெமரி நிரம்பும்போது டிஸ்க்கும் நூறைத் தொடுகிறது, கேபினெட்டின் குட்டி விளக்கு விடாமல் மினுக்குகிறது, மவுஸ் நகர மறுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கடையை மூடும்போது பாயைச் சுருட்டிவிடுவது போல, மின்சாரம் நின்றதும் ரேமில் இருப்பதெல்லாம் மறைந்துவிடும். நாம் பயன்படுத்தும் ரேமுக்கு டைனமிக் ரேம் என்று பெயர். ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த ராபர்ட் டென்னார்ட் இதைக் கண்டுபிடித்து 1968-ல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு துளித் தகவலும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கும். அது தானாகவே கசிந்துவிடும் என்பதால், நொடிக்குப் பல முறை படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கரன்ட் போனால் எழுத ஆளில்லை, எல்லாம் போய்விடும். அப்பா டைப் செய்த அறுபது பெயர்களும் போனது இப்படித்தான். கண்ட்ரோல் எஸ் அழுத்திச் சேவ் செய்யும்போதுதான் அது அலமாரிக்குப் போகிறது.

ரேம் வாங்கப் போய் நான் அசடு வழிந்த கதை

அடுத்த சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பும் முன், மவுன்ட் ரோடு பக்கம் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். "டெஸ்க்டாப்புக்கு 8 ஜி.பி. ரேம் வேணும்." "டி.டி.ஆர். எத்தனை?" என்று கேட்டார் கடைப் பெரியவர். என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது டி.டி.ஆர்.4. அதே நினைப்பில், "நாலு" என்றேன். அவரும் கொடுத்துவிட்டார். நெல்லை எக்ஸ்பிரஸில் பத்திரமாகக் கைப்பையில் வைத்து எடுத்துப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்தோம். பதிமூன்று வருட தூசி. மதர்போர்டில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். ஒன்றில் பழைய 2 ஜி.பி. குச்சி, இன்னொன்று காலி. புது ரேமைக் காலி ஸ்லாட்டில் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். அப்போதும் உட்காரவில்லை. கொஞ்சம் பலமாக அழுத்தப் போனபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலிஞ்சு அழுத்தாத பாப்பா. அது வேண்டாங்குது. வேண்டாங்கறதைத் திணிச்சா ரெண்டும் கெடும்."

கம்ப்யூட்டரின் உள்பக்கத்தையே பார்த்திராத அப்பாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. ரேமின் அடிப்பக்கம், தங்க நிறக் கால்களுக்கு நடுவே ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு தடுப்பு இருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் இந்த வெட்டு வேறு இடத்தில் இருக்கும். தப்பான ரேமை நாம் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வைத்த பூட்டு அது. அப்பாவின் மதர்போர்டு டி.டி.ஆர்.3. என் கையில் இருந்தது டி.டி.ஆர்.4. எவ்வளவு அழுத்தினாலும் அது போகாது, போகவும் கூடாது.

பழைய ரேமில் ஒட்டியிருந்த லேபிளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டு, மூடியை மாட்டிவிட்டு சென்னைக்குத் திரும்பினேன். கடைக்குப் போகும் முன் செய்திருக்க வேண்டிய வேலை இது.

கடைக்குப் போகும் முன் இதையெல்லாம் பாருங்கள்

என்னைப் போல நீங்களும் இரண்டு முறை அலைய வேண்டாம்.

* எந்தத் தலைமுறை? டி.டி.ஆர்.2, 3, 4, 5 என்று நான்கும் புழக்கத்தில் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது, மின்னழுத்தமும் வேறு. டி.டி.ஆர்.2-க்கு 1.8 வோல்ட், டி.டி.ஆர்.3-க்கு 1.5, டி.டி.ஆர்.4-க்கு 1.2, டி.டி.ஆர்.5-க்கு 1.1. லேபிளில் பி.சி.3 என்று தொடங்கினால் டி.டி.ஆர்.3. பி.சி.4 என்றால் டி.டி.ஆர்.4.

* டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? டெஸ்க்டாப் ரேம் சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். லேப்டாப் ரேம் அதில் பாதிதான் இருக்கும். கடையில் சொல்லி வாங்குங்கள்.

* எத்தனை ஸ்லாட்? விண்டோஸ் 10-ல் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். விண்டோஸ் 7 என்றால் சி.பி.யூ. இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்க்கலாம். மூடியைத் திறந்து பார்த்துவிடுவது இன்னும் உறுதி.

* மதர்போர்டு எவ்வளவு தாங்கும்? மதர்போர்டின் மேலேயே அதன் மாடல் எண் அச்சாகியிருக்கும். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால் அதிகபட்ச அளவு கிடைக்கும். 2012, 2013 வாக்கில் அசெம்பிள் செய்த இன்டெல் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் எச்.61 வகை போர்டுதான் இருக்கும். இரண்டு ஸ்லாட், 16 ஜி.பி. வரை தாங்கும். அதற்கும் முந்தைய ஜி.31 வகை போர்டு 4 ஜி.பி.யோடு நின்றுவிடும்.

* வேகம் என்ன? 1333, 1600 என்று லேபிளில் இருக்கும். இரண்டு வேகங்களைக் கலந்து போட்டால், இரண்டுமே குறைந்த வேகத்தில்தான் ஓடும். கெடுதல் இல்லை, ஆனால் அதிக விலை கொடுத்து வேகமானதை வாங்கியது வீண். முடிந்தால் ஒரே அளவு, ஒரே வேகத்தில் இரண்டு ரேம் போடுங்கள். பிராசஸர் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும்.

* ஏமாற வேண்டாம். ஆன்லைனில் 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம் நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும். அதன் குறிப்பில் எங்காவது ஒரு மூலையில், ஏ.எம்.டி. கம்ப்யூட்டருக்கு மட்டும் என்று போட்டிருப்பார்கள். அதை வாங்கி இன்டெல் போர்டில் போட்டால் ஓடாது. படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பெரியவர் கேட்ட ஒரு கேள்வி

மறுபடியும் ரிச்சி தெரு, அதே கடை. கதையைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். பெட்டி பிரிக்காதது போலத்தான் இருந்தது, மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். "டி.டி.ஆர்.3, 8 ஜி.பி. கொடுங்க" என்றேன்.

"இரும்மா. விண்டோஸ் முப்பத்தி ரெண்டு பிட்டா, அறுபத்தி நாலா?"

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். திஸ் பி.சி. மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், சிஸ்டம் டைப் என்ற வரியைப் படிக்கச் சொன்னேன். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். 32 பிட். பழைய விண்டோஸ் 7-ல் இருந்து அப்படியே விண்டோஸ் 10-க்கு மாறியதால், பிராசஸர் 64 பிட் ஆக இருந்தும் விண்டோஸ் மட்டும் 32 பிட்டாகவே நின்றுவிட்டிருக்கிறது.

"அப்ப எட்டு போட்டாலும் நாலுக்கு மேல அது பார்க்காதும்மா. எதுக்குக் காசைக் கொட்டுற?" என்றார் பெரியவர்.

இது ஏன் தெரியுமா? ரேமில் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் கதவு எண் போல ஒரு முகவரி உண்டு. 32 பிட் விண்டோஸால் எழுத முடிந்த முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. சரியாக 4 ஜி.பி. அதற்கு மேல் வீடு கட்டினாலும் கதவு எண் கிடையாது, தபால்காரர் வரமாட்டார். அந்த நான்கிலும் ஒரு பகுதி முகவரிகளை மதர்போர்டில் உள்ள மற்ற சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். மூன்றே கால், மூன்றரை ஜி.பி.தான் மிஞ்சும்.

"64 பிட் விண்டோஸ் போட்டுக்கலாம், லைசென்ஸ் பிரச்னை இல்லை. ஆனா புதுசா இன்ஸ்டால் பண்ணணும். பழைய சாமான் எல்லாம் ஓடுமான்னு பார்த்துக்கோ" என்றார்.

ஓடாது. அப்பாவின் லேசர் பிரின்டர் அந்தக் கம்ப்யூட்டரைவிடப் பழையது. அதற்கு எங்களிடம் இருப்பது 32 பிட் டிரைவர் மட்டும்தான். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளாது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அப்பா டைப் செய்து வைத்த பதிமூன்று வருடப் பத்திரிகைகள் அதில் இருக்கின்றன. 'பெரிய பொண்ணுக்கு அடிச்ச மாதிரியே சின்னவளுக்கும் அடிச்சுக் குடுங்கண்ணே' என்று வருகிறவர்கள்தான் அப்பாவின் பாதி வாடிக்கையாளர்கள். புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் இதே சிக்கல் வந்திருக்கும். வளையலும் போய், வேலையும் நின்றிருக்கும்.

கடைசியில் நான் வாங்கியது, பழைய ரேமுக்கு ஜோடியாக அதே வேகத்தில் இன்னொரு 2 ஜி.பி. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் என் கண் முன்னே டெஸ்ட் செய்து காட்டினார். விலை 400 ரூபாய். 8 ஜி.பி.க்குக் கொடுத்த பணத்தில் மீதியைத் திருப்பித் தந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் 8 ஜி.பி.யை விற்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

அப்பாவே மாட்டினார்

அடுத்த வாரம் எனக்கு லீவு இல்லை. கூரியரில் அனுப்பிவிட்டு, சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள் என்றேன். "நீ போன்ல சொல்லு, நான் போடுறேன்" என்றார் அப்பா. அம்மா ஒரு கையில் மொபைல், இன்னொரு கையில் டார்ச். வீடியோ காலில் நான்.

அப்பாவுக்கு நான் சொன்ன வரிசை இது. நீங்களும் இப்படியே செய்யலாம்.

முக்கியமான ஃபைல்களை முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் மாற்றினால் ஃபைல் அழியாது. ஆனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பி எதையும் விட்டுவைக்கக் கூடாது.

கம்ப்யூட்டரை முழுதாக ஷட் டவுன் செய்து, ஒயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

மூடியைத் திறந்து, பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ரேமைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுத்துவிடக்கூடும். நைலான் பாய், கம்பளம் மேல் நின்று இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஸ்லாட்டின் இரு முனைகளிலும் இருக்கும் கொக்கியை வெளிப்பக்கம் தள்ளுங்கள். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டும் இருக்கும். ரேமின் ஓரங்களை மட்டும் பிடியுங்கள். தங்க நிறக் கால்களில் விரல் படக் கூடாது. வெட்டும் தடுப்பும் நேராக இருக்கிறதா என்று பார்த்து, நிமிர்த்தி வைத்து, இரு கட்டைவிரலாலும் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். டக் என்ற சத்தத்தோடு கொக்கி தானாக மூடிக்கொள்ளும்.

டக் சத்தம் எனக்கு சென்னை வரைக்கும் கேட்டது. அப்பா பிளக்கை மாட்டி ஆன் செய்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. பீப்... பீப்... பீப்.

"போச்சு" என்றார் அம்மா. டார்ச் வெளிச்சம் ஆடியது. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. இருந்த கம்ப்யூட்டரையும் கெடுத்துவிட்டேனோ?

பயப்பட வேண்டாம். ரேம் போட்டதும் பீப் சத்தம் வந்தால், பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். மறுபடி ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ரேமையும் எடுக்கச் சொன்னேன். பழைய ரேமின் கால்களில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டச் சொன்னேன். சர்வீஸ்காரர்கள் காலம் காலமாகச் செய்யும் கைவைத்தியம் இது. அப்போதும் சரியாகவில்லை என்றால், ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே போட்டுப் பார்த்து, குறை ரேமிலா, ஸ்லாட்டிலா என்று கண்டுபிடிக்கலாம்.

அது தேவைப்படவில்லை. இரண்டாவது முறை ஒரே ஒரு பீப். திரையில் விண்டோஸ் சின்னம் வந்தது. அப்பா வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஒருமுறை ஓடவிட்டோம். செகண்ட் ஹேண்ட் ரேம் வாங்கினால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பிழை எதுவும் இல்லை. சிஸ்டம் பக்கத்தில் 4 ஜி.பி. என்றும், அதில் 3.41 ஜி.பி. பயன்படும் என்றும் காட்டியது. பெரியவர் சொன்ன கணக்கு அப்படியே இருந்தது.

என்ன மாறியது, என்ன மாறவில்லை?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஏனென்றால் அது ஹார்ட் டிஸ்க்கின் வேலை. அப்பா இன்னமும் வாசல் தெளித்து டீ குடித்துவிட்டுத்தான் வருகிறார். எஸ்.எஸ்.டி. போட்டால் அதுவும் சரியாகும். தீபாவளி போனஸில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பேஜ்மேக்கரும் குரோமும் இப்போது ஒன்றாக ஓடுகின்றன. பத்திரிகை டைப் செய்யும்போது ஹால் டிக்கெட்டுக்கு யார் வந்தாலும் அப்பா பதறுவதில்லை. டாஸ்க் மேனேஜர் பார்க்கக் கற்றுக்கொண்டு, "இன்னிக்கு மெமரி 68 பாப்பா" என்று காய்ச்சல் சொல்வது போல தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். மிச்சமான பணத்தில் யூ.பி.எஸ். பேட்டரியும் மாற்றியாகிவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டன. அதற்கென்று தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. எவ்வளவு ரேம் போட்டாலும் இந்தக் குறை தீராது. ஐ3 மூன்றாம் தலைமுறை போன்ற பழைய பிராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் இல்லை. அதனால் அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை எதுவும் செய்யக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இரண்டு, ரேம் விலை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால் 2025-ன் பிற்பகுதியிலிருந்து விலை வேகமாக ஏறியது. நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ரேம் விற்றுவந்த குரூஷியல் பிராண்டிலிருந்து விலகுவதாக, அதை நடத்திய மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலைமையில் தேவைக்கு மேல் வாங்குவது வீண். உங்கள் வேலைக்கு எவ்வளவு போதும் என்று பார்த்து, அதை மட்டும் வாங்குங்கள். 64 பிட் விண்டோஸில் பிரவுஸிங், டைப்பிங், பிள்ளைகள் படிப்பு என்றால் 8 ஜி.பி. போதும்.

சர்வீஸ்காரர் சொன்ன 35 ஆயிரத்தையும் நான் தப்பு சொல்லமாட்டேன். மதர்போர்டே போயிருந்தால் அதுதான் வழி. ஆனால், மாற்றச் சொல்லும் முன் அந்த மூன்று எண்களைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மகளாகிய நானே பல வருடமாகச் செலவழிக்கவில்லை.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. இரண்டு கடலை மிட்டாய் பாக்கெட். ஒன்றின் மேல் என் பெயர். இன்னொன்றின் மேல் பேஜ்மேக்கரில் டைப் செய்து, கல்யாணப் பத்திரிகை பார்டர் எல்லாம் போட்டு அச்சடித்து ஒட்டியிருந்தார் அப்பா: 'ரிச்சி தெரு அண்ணாச்சிக்கு.'

கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் லேபிளைப் பத்திரமாகப் பிரித்து, கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டிக்கொண்டார். அம்மா போனில் கேட்டார், "கொடுத்துட்டியா?" பின்னணியில் அவர் கை வளையல்கள் கலகலத்தன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய டெஸ்க்டாப் மூலையில் இருக்கிறதா? அந்த மூன்று எண்களையும் பார்த்துக் குறித்துவையுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு எப்படி மாறுவது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.